சேவியர் யார் வீட்டுப் பெயர்? ஒரு ஸ்பானியக் குடும்பப் பெயரின் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேவியர், சவேரியார், ஹவியெர், எச்செவெர்ரியா. இந்த நான்கும் ஒரே பெயர்தான் என்று சொன்னால் பலரும் நம்புவதில்லை, நம்புகிறவர்களும் உடனே நாலு கேள்வி கேட்கிறார்கள். வழக்கமாக வரும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். வரிசையாகப் படிக்கலாம், உங்களுக்கு வேண்டியதை மட்டும் படித்துவிட்டும் போகலாம்.

சேவியர் என்பது கிறிஸ்தவப் பெயர்தானே? குடும்பப் பெயர் என்று ஏன் சொல்கிறீர்கள்?

தாமஸ், பீட்டர், ஜான் மாதிரி இதுவும் பைபிளில் இருந்து வந்தது என்றுதான் நம்மில் நிறையப் பேர் நினைக்கிறோம். பைபிளில் சேவியர் என்று யாருமே கிடையாது. 16ஆம் நூற்றாண்டில் நம் கடற்கரைக்கு வந்த பாதிரியார் பிரான்சிஸ் சேவியருக்கு 1622 மார்ச் 12 அன்று புனிதர் பட்டம் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்கக் குழந்தைகளுக்கு இந்தப் பெயரை வைக்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பு இது ஒரு கோட்டையின் பெயர், அந்தக் கோட்டையை வைத்திருந்த குடும்பத்தின் பெயர், அவ்வளவுதான். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பிரான்சிஸ்கோ. 'சேவியர்' என்பது அவர் பிறந்த இடத்தைச் சொல்கிற பகுதி.

சரி, அதற்கு என்ன அர்த்தம்? ஸ்பானிய மொழிச் சொல்லா?

இல்லை, பாஸ்க் மொழிச் சொல். ஸ்பெயினின் வடக்கிலும் பிரான்சின் தென்மேற்கு மூலையிலும், பிரனீஸ் மலையின் இரண்டு பக்கமும் பேசப்படுகிற மொழி அது. லத்தீன் குடும்பத்தைச் சேர்ந்ததும் இல்லை, வேறு எந்த மொழிக் குடும்பத்தோடும் அதற்கு உறவு நிறுவப்படவும் இல்லை. அந்த மொழியில் 'எச்சே' என்றால் வீடு, 'பெர்ரி' என்றால் புதிய. எச்செபெர்ரி, அதாவது புதுவீடு. கடைசியில் 'ஆ' சேர்ந்து எச்செபெர்ரியா என்று வந்தால் 'அந்தப் புதுவீடு' என்று குறிப்பிட்டுச் சொல்வதாகும், ஏனென்றால் பாஸ்கில் அந்தச் சுட்டு சொல்லின் வாலில்தான் ஒட்டும்.

ஒரு வீட்டின் பெயர் ஏன் மனிதர்களுக்குப் போகிறது?

பாஸ்க் நாட்டில் மனிதரை விட வீடுதான் நிலையானது. கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் வீட்டுப் பெயரை வைத்து ஆளை அடையாளம் சொல்லும் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஆனால் பாஸ்க் ஊர்களில் இது இன்னும் இறுக்கமான ஏற்பாடு. நிலம், மேய்ச்சல் உரிமை, ஊர்க்கூட்டத்தில் பேசும் உரிமை, தேவாலயத்துக்குள் உட்காரும் இடம், செத்தால் புதைக்கும் இடம் எல்லாமே வீட்டுக்கு உரியவை, அதில் வசிப்பவர்கள் அந்தந்தத் தலைமுறையில் அவற்றைப் பார்த்துக்கொள்பவர்கள். வீட்டைத் துண்டு போட மாட்டார்கள். பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் முழுசாகப் போகும், பல இடங்களில் அது மூத்த மகளாகவும் இருக்கலாம். வேறு வீட்டில் இருந்து கல்யாணம் செய்து வந்தவரை ஊர் புது வீட்டின் பெயராலேயே கூப்பிடும். பதிவேட்டில் ஒரு பெயர், ஊர் வாயில் வேறு பெயர் என்று வாழ்பவர்கள் இன்றும் அங்கே உண்டு.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் பிரான்ஸ் பக்கத்துப் பாஸ்க் ஊரான ஐனோவாவுக்குப் போக வேண்டும். அங்கே கொர்ரித்தியா என்ற வீட்டின் வாசல் நிலைக்கு மேலே கல்லில் 1662ஆம் ஆண்டு வெட்டிய எழுத்து இருக்கிறது. மறைந்த ஹுவான் டோலகராயின் தாய் மரியா டி கொர்ரித்தி, மகன் இந்தியாஸில் இருந்து (அந்தக் காலத்தில் அமெரிக்காவை அப்படித்தான் சொன்னார்கள்) அனுப்பிய பணத்தைக் கொண்டு இந்த வீட்டை மீட்டாள், இதை இனி விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்பது அதன் செய்தி. அம்மாவின் பெயரில் வீட்டின் பெயர் இருக்கிறது, மகனின் பெயரில் இல்லை. மகன் கடல் கடந்து போய்ச் சம்பாதித்து அனுப்பிய பணம் வீட்டைக் காப்பாற்றியிருக்கிறது, மகன் திரும்பவில்லை. பாஸ்க் குடும்பப் பெயர்களைப் பற்றி நான் சொல்ல நினைக்கும் முக்கால்வாசி விஷயம் அந்த ஒரு கல்லிலேயே இருக்கிறது.

இதே முறையில் வந்த வேறு பெயர்களும் உங்களுக்குத் தெரிந்தவைதான். 1904இல் இலக்கிய நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எச்செகராயின் பெயர் 'உயரத்தில் இருக்கும் வீடு'. தென் அமெரிக்க விடுதலை வீரர் சீமோன் பொலிவாரின் பெயர் ஸ்பெயின் பக்கத்துப் பாஸ்க் மாகாணமான பிஸ்காயாவில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர், பொருள் 'ஆலைப் பள்ளத்தாக்கு'. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் பெயரில் வரும் லொயோலாவும் ஒரு வீடுதான்.

எச்செபெர்ரி எப்படிச் சேவியர் ஆகும்? ஒலியே ஒட்டவில்லையே?

படிப்படியாகப் பார்த்தால் ஒட்டும். சேவியர் கோட்டை நவார்ரா ராஜ்யத்தின் கிழக்கு ஓரத்தில், பாம்ப்லோனா நகரில் இருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, அண்டை ராஜ்யமான அரகோனின் எல்லையை ஒட்டி நிற்கிறது. அங்கே பாஸ்க் பேசுபவர்களும் லத்தீனில் இருந்து கிளைத்த மொழி பேசுபவர்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். கூட்டுச் சொல்லில் 'எச்சே' என்பது 'எச்ச' என்றாகும்: எச்சபெர்ரி. லத்தீன் வழி மொழிக்காரர்கள் முதலில் இருக்கும் 'எ'யை விட்டுவிட்டார்கள். 'ச்ச' அவர்கள் வாயில் 'ஷ' ஆனது. அப்புறம் முக்கியமான மாற்றம்: அழுத்தி உச்சரிக்கும் 'எ'யை 'இயெ' என்று விரிப்பது அவர்கள் வழக்கம், லத்தீனில் 'டெர்ரா' (நிலம்) ஸ்பானியத்தில் 'டியெர்ரா' ஆனது அப்படித்தான். அதே மாதிரி 'பெர்ரி' 'வியெர்' ஆகிவிட்டது. ஆக, ஷவியெர்.

இந்த 'இயெ' மாற்றம் மிகப் பழையது. அது நடப்பதற்கு முன்பே பெயர் அந்த ஊர்களில் இருந்திருந்தால்தான் அதற்குள் இந்த மாற்றம் புகுந்திருக்க முடியும். அரகோனின் உவெஸ்கா மாகாணத்தில் ஹவியெர்ரெகாய், ஹவியெர்ரெலாத்ரே என்று ஊர்கள் இருக்கின்றன, அவையும் இதே புதுவீடுதான். இன்று பாஸ்க் பேச்சே இல்லாத அந்த மலைப் பள்ளத்தாக்குகளில் ஒரு காலத்தில் பாஸ்க் அல்லது அதற்கு நெருங்கிய மொழி இருந்தது என்பதற்கு இந்த ஊர்ப் பெயர்கள் சாட்சி.

ஷவியெரா, ஹவியெரா? எது சரி?

காலத்தைப் பொறுத்தது. 16ஆம் நூற்றாண்டில் எக்ஸ் எழுத்தைப் போட்டு 'ஷவியெர்' என்றார்கள், பிரான்சிஸும் அப்படித்தான் சொல்லியிருப்பார். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஸ்பானிய மொழியில் அந்த 'ஷ' ஒலி தொண்டைக்குள் பின்வாங்கி, காறுவது போன்ற 'ஹ' ஆகிவிட்டது. எழுத்து மட்டும் பழையபடி இருந்தது. 1815இல் ஸ்பானிய அகாதமி அந்த ஒலிக்கு ஜே எழுத்தைப் போடச் சொன்னதும் பெயர் ஹவியெர் என்று எழுதப்பட்டது. மெக்ஸிகோ நாட்டின் பெயர் பழைய எக்ஸை விடாமல் வைத்துக்கொண்டு 'மெஹிக்கோ' என்று ஒலிக்கிறது, காரணம் இதே மாற்றம்தான். கட்டலோனியாவில் இன்னும் ஷவியெர் (கால்பந்து ரசிகர்களுக்குத் தெரிந்த சாவி இந்தப் பெயரின் சுருக்கம்), பாஸ்கில் ஷபியெர், சுருக்கமாக ஷபி.

பிரான்சிஸ் சேவியரின் அப்பா பெயரும் சேவியரா?

இல்லை. இதைக் கேட்டதும் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும், ஆனால் கதையின் ருசியான இடமே இதுதான்.

அப்பா பெயர் ஹுவான் டி ஹாசோ. ஹாசோ குடும்பத்தின் பூர்வீக வீடு பிரனீஸின் அந்தப் பக்கம், இன்று பிரான்சில் இருக்கும் கீழ் நவார்ராவில். அவர் பொலோஞாவில் சட்டம் படித்துவிட்டு வந்து நவார்ரா அரச ஆலோசனை சபையின் தலைவராக உயர்ந்தவர். அம்மா பெயர் மரியா டி அஸ்பில்குவெத்தா. அவருடைய தந்தை வழி வீடு வடக்கே பஸ்தான் பள்ளத்தாக்கில். சேவியர் கோட்டை அம்மாவின் பக்கத்தில் இருந்து வந்த சீதனம். அங்கேதான் 1506 ஏப்ரல் 7 அன்று கடைசிப் பிள்ளையாகப் பிரான்சிஸ்கோ பிறந்தார்.

இப்போது மகன்களைப் பாருங்கள். மூத்தவர் மிகேல் டி ஹவியெர், கோட்டைக்கு வாரிசு, அதனால் கோட்டையின் பெயர். அடுத்தவர் ஹுவான் டி அஸ்பில்குவெத்தா, அம்மாவின் குடும்பப் பெயர். மூன்றாமவர் பிரான்சிஸ்கோ, மறுபடி கோட்டையின் பெயர். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு வேறு வேறு குடும்பப் பெயர், அதிலும் மூவரில் ஒருவர்கூட அப்பாவின் பெயரை முதன்மையாக எடுக்கவில்லை. அந்தக் காலத்தில் இதில் வினோதம் ஒன்றும் இல்லை. எந்த வீட்டின் உரிமையை, எந்த வழியின் கௌரவத்தைத் தாங்குகிறார்களோ அந்தப் பெயர். ஒருவருடைய பெயரை மட்டும் பார்த்து 'இவர் இன்னார் மகன்' என்று கணக்குப் போட்டால் 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் நிச்சயம் தவறிப்போவோம்.

பாரிஸில் படித்துக்கொண்டிருந்தபோது, 1531இல், பிரான்சிஸ்கோ தான் பிரபு குலம் என்பதற்குச் சான்றிதழ் கேட்டு ஊருக்கு விண்ணப்பித்தார். பாம்ப்லோனா பேராலயத்தில் பதவி பெறும் எண்ணம் அப்போது இருந்தது. அதற்கு அப்பா வழி, அம்மா வழி பாட்டன் பாட்டிகளின் வீடுகளைக் காட்டி வம்சத்தை நிரூபிக்க வேண்டும். 1536இல் சான்றிதழ் தயாரானது, ஆனால் அதற்குள் அவர் இஞ்ஞாசியாரோடு சேர்ந்து வேறு வழியில் போய்விட்டார்.

அந்தக் கோட்டை என்ன ஆனது?

1512இல் ஸ்பெயினின் பெரிய ராஜ்யமான காஸ்தீலின் படை நவார்ராவைப் பிடித்தது. ஹாசோ குடும்பம் தோற்ற மன்னரின் பக்கம். 1515இல் அப்பா இறந்தார், 1516இல் மன்னர் தரப்பு நாட்டை மீட்க முயன்று தோற்றதும், அப்போது காஸ்தீலின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த கர்தினால் சிஸ்னெரோஸின் உத்தரவுப்படி கோட்டையின் மதில்களை இடித்து, கோபுரங்களைப் பாதியாக வெட்டி, அகழியைத் தூர்த்துவிட்டார்கள். பிரான்சிஸ்கோவுக்கு அப்போது பத்து வயது. தன் பெயரில் இருக்கும் வீட்டை ஆட்கள் வந்து இடிப்பதைப் பார்த்தபடி வளர்ந்த பையன் அவர்.

1521இல் பிரெஞ்சு உதவியோடு நவார்ரா தரப்பு மறுபடி எழுந்தபோது அண்ணன்கள் இருவரும் அதில் சேர்ந்தார்கள். அந்த ஆண்டு மே 20 அன்று பாம்ப்லோனா கோட்டையில் காஸ்தீல் தரப்புக்காகப் போரிட்டுக் காலில் குண்டடி பட்டவர் இஞ்ஞாசியார். எதிரெதிர் அணிகளில் நின்ற குடும்பங்கள் இவை. எட்டே ஆண்டுகள் கழித்து, 1529 முதல், இஞ்ஞாசியாரும் பிரான்சிஸ்கோவும் பாரிஸின் சாந்த் பார்ப் கல்லூரியில் ஒரே அறையில் தங்கினார்கள்.

சிதைந்த கோட்டையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்யாஎர்மோசா சீமாட்டி தன் செலவில் செப்பனிடத் தொடங்கினார், பக்கத்தில் எழுப்பிய பேராலயம் 1901இல் திறக்கப்பட்டது. ஒவ்வொரு மார்ச் மாதமும் பாம்ப்லோனாவில் இருந்தும் மற்ற ஊர்களில் இருந்தும் மக்கள் அங்கே பாத யாத்திரை போகிறார்கள், அதற்கு 'ஹவியெராதா' என்று பெயர்.

எச்செவெர்ரியா, எச்சவர்ரியா, சவர்ரி, எச்செவெர்ரி. எல்லாம் ஒன்றா?

ஒன்றுதான், ஆனால் வேறுபாடுகளில் தகவல் இருக்கிறது. பாஸ்கின் மேற்கு வட்டார வழக்கில், முக்கியமாக பிஸ்காயாவிலும் ஆலவாவிலும், 'பெர்ரி' என்பதை 'பர்ரி' என்பார்கள். அதனால் எச்சவர்ரியா, எச்சாவர்ரி, சாவர்ரி எல்லாம் மேற்குப் பக்கத்துச் சாயல். எச்செவெர்ரியா என்றால் கிப்புஸ்கோவா, நவார்ரா பக்கம். இன்றும் கிப்புஸ்கோவாவில் அடிக்கடி காணும் பெயர்களில் இதுவும் ஒன்று. ஊர்ப் பெயராக இருந்து வந்த ஹவியெர், ஹவியெர்ரே இரண்டும் கிழக்கு நவார்ரா, அரகோன் பக்கம்.

எழுத்துக்கூட்டல் இன்னொரு அடையாளம். 'ச்ச' ஒலிக்கு ஸ்பானியர்கள் சி-எச் போடுவார்கள், பிரெஞ்சுக்காரர்கள் டி-சி-எச், பாஸ்க் மொழியின் இன்றைய எழுத்தில் டி-எக்ஸ். எனவே டி-சி-எச் போட்டு எழுதிய எச்செவெர்ரியைக் கண்டால் அந்தக் குடும்பம் பிரான்ஸ் பக்கத்துப் பாஸ்க் ஊர்களில் இருந்து கிளம்பியது என்று நினைக்கலாம். முன்னால் பிரெஞ்சு 'டி' ஒட்டிய டெச்செவெர்ரி என்ற வடிவத்தைக் கனடாவுக்குப் பக்கத்தில் உள்ள பிரெஞ்சுத் தீவுகளான சென் பியேர், மிக்கெலோனில் காணலாம், அங்கே மீன் பிடிக்கப் போன பாஸ்க் மக்கள் கொண்டுபோனது.

சாவேஸ் என்ற பெயரும் இதிலிருந்து வந்ததா?

இல்லை. சவர்ரியாவோடு ஒலி ஒத்துப்போவதால் வரும் குழப்பம். சாவேஸ் போர்ச்சுகல் பக்கத்துப் பெயர், ஷாவேஷ் நகரத்தோடு தொடர்புடையது.

அப்படியானால் எச்செவெர்ரியா என்ற பெயர் உள்ள எல்லோரும் சொந்தக்காரர்களா?

கிடையவே கிடையாது. மூத்த பிள்ளைக்குப் பழைய வீடு போனதும் இளையவர் தள்ளி ஒரு வீடு கட்டினால் ஊர் அதைப் புதுவீடு என்றுதான் சொல்லும். ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும், சில சமயம் ஒரே ஊரில் இரண்டு மூன்று இடத்திலும் புதுவீடு இருந்திருக்கிறது. நானூறு வருடம் பழையதான பிறகும் அது புதுவீடுதான். அவை ஒவ்வொன்றில் இருந்தும் தனித்தனியாக எச்செவெர்ரியாக்கள் கிளம்பினார்கள்.

பாஸ்க் இலக்கியத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. ஹொவானெஸ் எச்செபெர்ரி என்ற பெயரில் இரண்டு எழுத்தாளர்கள். ஒருவர் 17ஆம் நூற்றாண்டின் பாதிரியார், கவிஞர், சிபுரு ஊர்க்காரர். இன்னொருவர் சாரா ஊர்க்காரர், மருத்துவர், 1668 முதல் 1749 வரை வாழ்ந்தவர். இரண்டு ஊரும் ஒரே வட்டாரத்தில், பக்கத்தில்தான். பெயரை வைத்துப் பிரிக்க முடியாததால் 'சிபுரு எச்செபெர்ரி', 'சாரா எச்செபெர்ரி' என்று ஊரைச் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

மரபணுப் பரிசோதனை செய்து 'நான் சேவியர் வம்சம்' என்று அறிவிப்பவர்களை நினைத்து எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். புனிதரின் பெயர் அவருடைய அப்பா வழியில் வந்ததே இல்லை, அம்மாவின் சீதன வீட்டில் இருந்து வந்தது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு தகப்பன் வழி ரத்தத்தைத் தேடுவது ஆரம்பத்திலேயே வழி தவறிய தேடல்.

லத்தீன் அமெரிக்காவுக்கு இது எப்படிப் போனது?

வீடு ஒரு பிள்ளைக்கு மட்டும் என்றால் மற்றவர்கள் எங்கே போவார்கள்? மடத்துக்கு, கடலுக்கு, படைக்கு, அமெரிக்காவுக்கு. 16ஆம் நூற்றாண்டில் இருந்தே பாஸ்க் மாலுமிகளும் எழுத்தர்களும் வணிகர்களும் ஸ்பானியப் பேரரசு முழுக்கப் பரவினார்கள். 19ஆம் நூற்றாண்டில் அர்ஜென்டினாவுக்கும் உருகுவேக்கும் போன அலை இன்னும் பெரியது. ஆட்டு மேய்ச்சல், பால் பண்ணை, செங்கல் சூளை என்று உழைத்தவர்கள், அதில் பிரான்ஸ் பக்கத்துக்காரர்களும் கணிசமாக இருந்ததால்தான் அங்கே பிரெஞ்சு எழுத்துக்கூட்டலும் புழங்குகிறது. அர்ஜென்டினாவின் எஸ்தேபான் எச்செவெர்ரியா (1805–1851) அந்த நாட்டு இலக்கியத்தின் முன்னோடிகளில் ஒருவர். மெக்ஸிகோவின் லூயிஸ் எச்செவெர்ரியா 1970 முதல் 1976 வரை அதிபராக இருந்தவர்.

பிலிப்பைன்ஸிலும் கோவாவிலும் பிரேசிலிலும் உள்ளவர்கள்?

அங்கெல்லாம் பெரும்பாலும் புனிதரின் வழியாக வந்த பெயர். பிலிப்பைன்ஸில் 1849இல் ஆளுநர் நார்சிசோ கிளவெரியா, மக்கள் எல்லோருக்கும் நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று ஆணையிட்டார். 60,000க்கும் மேற்பட்ட பெயர்கள் அடங்கிய பட்டியலை மாகாணங்களுக்கு அனுப்பி, ஊர் ஊராகப் பெயர்களைக் கொடுத்தார்கள். எனவே மணிலாவில் ஒரு ஹவியெரைச் சந்தித்தால் நவார்ராவோடு அவருக்கு வம்ச உறவு இருக்க வேண்டும் என்று கட்டாயமே இல்லை. பிரேசிலில் போர்ச்சுகீசிய ஆட்சியை எதிர்த்ததற்காக 1792இல் தூக்கிலிடப்பட்ட திராதென்தெஸின் முழுப் பெயர் ஜொவாக்கிம் ஜோசே த சில்வா ஷவியெர். கோவாவில் புனிதரின் உடலே இருக்கிறது, பெயர் பரவ வேறு காரணம் வேண்டுமா?

தமிழில் சவேரியார் என்கிறோம், சேவியர் என்கிறோம். ஏன் இரண்டு வடிவம்?

இரண்டு வெவ்வேறு காலத்தில், இரண்டு வெவ்வேறு வாய் வழியாக வந்தவை. முத்துக்குளித்துறைக்கு அவரைக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள், அவர்கள் மொழியில் எக்ஸ் இன்றும் 'ஷ'தான். ஷவியெர் என்று கேட்ட தமிழ்க் காது அதைச் 'சவேரி' ஆக்கி, மரியாதைக்கு 'ஆர்' சேர்த்தது. சவரிமுத்து, சவரிராயன், சவரியம்மாள், தூத்துக்குடியின் சவேரியார்புரம் எல்லாம் இந்த வழி. முதல் தமிழ் நாவலை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் தந்தை பெயரும் சவரிமுத்துப் பிள்ளைதான். 'சேவியர்' ஆங்கிலப் பள்ளிகள் வந்த பிறகு ஆங்கில உச்சரிப்பில் இருந்து எடுத்தது. அந்த வகையில் சவரிமுத்து என்ற பெயர் 16ஆம் நூற்றாண்டு நவார்ரா உச்சரிப்புக்கு சேவியரை விட நெருக்கமானது. எந்த வடிவம் 'கொச்சை' என்று யாராவது பேசினால் இதைச் சொல்லுங்கள்.

அவர் தமிழ் பேசினாரா?

1542இல் நம் கடற்கரைக்கு வந்தபோது ஒரு வார்த்தை தெரியாது. 1544 ஜனவரி 15 அன்று கொச்சியில் இருந்து ரோமில் உள்ள தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில், அவர்களுக்கு என்னைப் புரியவில்லை, எனக்கு அவர்களைப் புரியவில்லை, அவர்கள் தாய்மொழி மலபார், என்னுடையது பிஸ்காயா மொழி என்று எழுதியிருக்கிறார். அவர் மலபார் என்றது தமிழை, பிஸ்காயா மொழி என்றது பாஸ்கை. இரண்டு மொழியும் தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களைத் தமிழில் எழுதவைத்து, மனப்பாடம் செய்து, மணி அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார்.

அந்தக் கடிதம் இந்தப் பெயரின் கதைக்குத் தேவையானது, ஏனென்றால் பாஸ்க் தன் தாய்மொழி என்று அவரே சொன்ன இடம் அது. அவர் இறந்த டிசம்பர் 3ஆம் தேதியைப் பாஸ்க் மொழியின் நாளாகக் கொண்டாடுவது 1949இல் தொடங்கியது. நவார்ராவுக்கும் அன்றுதான் மாநில நாள். கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழாவுக்காகக் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவதும் அதே டிசம்பர் 3 அன்றுதான்.

ஸ்பானியர்களுக்கு இரண்டு குடும்பப் பெயர் இருக்கிறதே, அது எப்படி?

அப்பாவின் முதல் குடும்பப் பெயர், அடுத்து அம்மாவின் முதல் குடும்பப் பெயர். கல்யாணத்துக்குப் பிறகு பெண் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. இந்த ஒழுங்கு மெல்ல மெல்லப் பழக்கமாகி, 1870இன் சிவில் பதிவுச் சட்டத்துக்குப் பிறகு கட்டாயமானது. 1999இல் பெற்றோர் விரும்பினால் அம்மாவின் பெயரை முன்னால் வைக்கலாம் என்றார்கள், 2017 ஜூன் 30 முதல் அப்பா பெயருக்கு இருந்த தானியங்கி முன்னுரிமையும் போய்விட்டது. ஸ்பானிய சர்வாதிகாரி பிராங்கோ காலத்தில் குழந்தைகளுக்குப் பாஸ்க் பெயர் வைக்கத் தடை இருந்தது. 1977இல் அது நீங்கிய பிறகு ஷபியெர் போன்ற பெயர்கள் பதிவேட்டுக்குள் வந்தன. குடும்பப் பெயரையும் பாஸ்க் எழுத்துக்கூட்டலுக்கு மாற்றிக்கொள்ள இப்போது வழி இருக்கிறது, அண்ணன் சி-எச் போட்டும் தம்பி டி-எக்ஸ் போட்டும் எழுதுகிற வீடுகள் உண்டு.

'எச்செவெர்ரியா குலச்சின்னம்' என்று கேடயப் படம் விற்கிறார்களே, வாங்கலாமா?

சுவரில் மாட்டப் பிடித்திருந்தால் வாங்குங்கள், வம்சச் சான்றாக நினைத்து வாங்காதீர்கள். குலச்சின்னம் குறிப்பிட்ட ஒரு வீட்டுக்கு உரியது, அதே பெயர் கொண்ட எல்லோருக்கும் பொது அல்ல. எச்செவெர்ரியா என்ற பெயரில் பல வீடுகளுக்குப் பல சின்னங்கள். எந்த வீடு என்று தெரியாமல் எந்தச் சின்னம் என்று சொல்ல முடியாது.

என் குடும்பப் பெயர் இந்த வகை. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

எழுத்துக்கூட்டலை முதலில் பாருங்கள், எந்தப் பக்கம் என்று ஓரளவு சொல்லிவிடும். அப்புறம் உங்களிடம் இருந்து பின்னோக்கி ஒவ்வொரு தலைமுறையாக ஊரைக் கண்டுபிடியுங்கள். ஸ்பெயினில் 1871 முதல் சிவில் பதிவேடு இருக்கிறது. அதற்கு முன்பு பங்குக் கோயில்களின் ஞானஸ்நான, திருமண, இறப்புப் பதிவேடுகள், பல ஊர்களில் 16ஆம் நூற்றாண்டு வரை போகும். பாஸ்க் பகுதிப் பதிவேடுகளின் குறிப்புகளை டோகுக்லிக் என்ற இணையதளத்தில் தேடலாம். அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர்களின் ஆவணங்கள் செவிய்யா நகரில் உள்ள இந்தியாஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, ஸ்பானிய அரசின் பாரெஸ் தளம் வழியாக அவற்றில் பலவற்றைப் பார்க்கலாம்.

தேடும்போது அம்மா வழியை விட்டுவிடாதீர்கள். 1700க்கு முந்திய பதிவுகளில் மகனுக்கு ஒரு பெயரும் அப்பாவுக்கு வேறு பெயரும் இருந்தால் தவறான ஆள் என்று உடனே தள்ளிவிடாமல், அம்மா எந்த வீடு, பாட்டி எந்த வீடு என்று பாருங்கள். பதிவேட்டில் ஆளின் பெயருக்குப் பக்கத்தில் 'இன்ன வீட்டின் எஜமான்', 'இன்ன வீட்டின் எஜமானி' என்று எழுதியிருந்தால் அதைத் தனியே குறித்து வையுங்கள். குடும்பப் பெயர் மாறிப்போன இடத்திலும் அந்த வீட்டின் பெயர் அடுத்த தலைமுறைப் பதிவில் திரும்ப வரும், அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம்.